மாமனார் இலையில் என் கை

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்குப் பதினொன்றாவதாக இன்னொன்றும் பறந்தது. செத்துப்போன மாமனார் மேல் இருந்த பயம்.

ஜப்பான்காரன் காலம். மூவார் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், மாமனார் வீட்டோடு இருந்த புது மாப்பிள்ளை நான். என் வீரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். தோட்டத்துச் சாலையில் லாரிச் சத்தம் கேட்டால் போதும், என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடிவிடும். சயாமில் ரயில் பாதை போட லாரியில் வந்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போன யாரும் திரும்பி வரவில்லை. அதனால் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் ஓடத் தோன்றும். சாப்பிடும்போதுகூட ஒரு காது வாசலில்தான் இருக்கும். (சாப்பாடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்கு மட்டும் ஒரு மாறுதலுக்காக மரவள்ளி மாவுக் கஞ்சி.)

இந்த லட்சணத்தில் மாமனார் மலேரியாக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர். என்னிடம் "சாப்புடுங்க மாப்ள" என்பதைத் தவிர வேறு பேச்சே பேசியதில்லை. சுடுசோறு, மிளகு ரசம், பொரித்த நெத்திலிக் கருவாடு, இந்த மூன்றும் இருந்தால் அவருக்கு வேறு சொர்க்கம் வேண்டாம். கடைசி நாட்களில் கஞ்சியைத் தள்ளிவிட்டு "ஒரு வாய் ரசஞ்சோறு" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். அரிசியே கண்ணில் படாத காலம், அத்தையால் (என் மாமியார்தான்) கொடுக்க முடியவில்லை. "பசியோட அனுப்பிட்டேனே" என்று புலம்பிப் புலம்பி அவர் தானும் சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பதினாறாம் நாள் படையல் வந்தது. அத்தை எழுந்து, தன் கல்யாணப் புடவையைக் கொடுத்து ஒரு பால் டின் அரிசி வாங்கி வந்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி, இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு கதவைத் திறந்து அந்தச் சோற்றை வீட்டார் பிரித்துச் சாப்பிடலாம். என் மனைவி செல்லம்மாவின் தங்கைகள் இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து அந்தப் 'பிறகு'க்காகத்தான் காத்திருந்தார்கள். (நானும்தான்.)

இலை போட்டுவிட்டு, விளக்கேற்ற நெருப்பெடுக்க அத்தை அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து லாரிச் சத்தம். என் கால்கள் ஓடின. வழக்கமாக ரப்பர் காட்டுக்குள் ஓடுகிறவை, அன்று படையல் அறைக்குள் பாய்ந்து என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளின. லாரி நிற்காமல் போய்விட்டது. எனக்கு மூச்சு திரும்புவதற்குள் அத்தை வந்து விளக்கேற்றி, கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டார்.

வெளியே அவர் கேட்டது காதில் விழுந்தது. "மாப்ள எங்கடி?"

"வேற எங்க? காட்டுக்குத்தான் ஓடியிருப்பாரு" என்றாள் செல்லம்மா.

குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். செத்தவர் அறையிலிருந்து ஆண் குரல் வந்தால் வெளியே இன்னொரு உயிர் போய்விடுமே என்று மூடிக்கொண்டேன். பேசாமல் கிடந்திருப்பேன். ரசம் விடவில்லை. மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட பூண்டுமாக அந்த வாசனை கட்டிலுக்கு அடியில் வந்து என்னைக் காதைப் பிடித்து வெளியே இழுத்தது.

ஒரு பருக்கைதான் எடுத்தேன். வெறும் சோறு இவ்வளவு இனிக்குமா? அடுத்து ரசத்தில் பிசைந்து ஒரு வாய். சூடு நெஞ்சுக்குள் இறங்க, மிளகு மூக்கில் ஏற, கண்ணில் தண்ணீர் வந்தது. நெத்திலி பல்லுக்கிடையில் மொறுமொறுவென்று உடைந்தது. லாரி மறந்தது, சயாம் மறந்தது. மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த என் கால்கள் இரண்டும் அன்றுதான் சப்பணமிட்டு அசையாமல் இருந்தன. "சாப்புடுங்க மாப்ள" என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. பெரியவர்கள் சொல்லைத் தட்டலாமா? நிமிர்ந்து பார்த்தபோது இலையில் சர்க்கரைவள்ளிக் கீரை மட்டும் மிச்சமிருந்தது.

கதவு திறந்தது. நான் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன். எல்லாரும் இலையைப் பார்த்து ஓட, நானும் காட்டிலிருந்து திரும்பியவன் போலப் பின்னால் போய் நின்று வாயைப் பிளந்தேன்.

"வந்துட்டாரு! சாப்ட்டுட்டாரு!" அத்தை அழுதுகொண்டே சிரித்தார். "பாருங்க, கீரைய மட்டும் தொடல. உசுரோட இருக்கயிலயும் தொடமாட்டாரே!"

சின்னத் தங்கை இலையை விரலால் வழித்து நக்கினாள். அப்போதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்லம்மா மெல்ல என் வலது கையைப் பிடித்தாள். அப்பாவை நினைத்து ஆறுதல் தேடுகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை மோந்து பார்த்தாள்.

"வாயத் தொறந்தீங்க, நானே உங்கள லாரியில ஏத்தி விட்டுருவேன்" என்றாள் காதோடு. அன்றைக்கு அத்தை ஒரு கிழங்கை முழுதாகச் சாப்பிட்டார். அதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதோடு விட்டிருந்தால் தேவலை. "பாவம், எவ்வளவு பசியோ! வர்ற அமாவாசைக்கும் வைக்கணும். நீங்கதான் அரிசி தேடணும் மாப்ள" என்றார் அத்தை. லாரிச் சத்தத்துக்கே ஓடுகிறவன், வழியில் நின்ற ஒவ்வொரு சிப்பாய்க்கும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு மூவாருக்குப் போனேன். மரச்சாமான் பட்டறை ஒன்றின் பின்னால் என் கல்யாணச் சட்டையைக் கொடுத்து அரிசி வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை ஒரு பருக்கையையும் தொடுவதில்லை என்று சத்தியம் வேறு.

அமாவாசையன்று கதவைச் சாத்தியதும் செல்லம்மா என்னைக் கொல்லைப்புறம் தள்ளிக்கொண்டு போனாள். "எல அப்படியே இருந்தா அம்மா மறுபடி படுத்துருவாங்க. சன்னல் வழியா உள்ள போங்க."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"ரெண்டே வாய். மிச்சம் தங்கச்சிங்களுக்கு."

சன்னலில் ஏறி இறங்கி, இலை முன்னால் உட்கார்ந்து, முதல் வாயைப் போட்டேன். கதவு திறந்தது. "குடிக்கத் தண்ணி வைக்க மறந்துட்..." என்றபடி செம்போடு அத்தை!

கதவுக்குப் பின்னால் ஒளிய நேரமில்லை. அத்தை இலையைப் பார்த்தார், திறந்திருந்த சன்னலைப் பார்த்தார், உப்பியிருந்த என் கன்னத்தைப் பார்த்தார். இந்த நேரம் பார்த்து ஒரு லாரி வரக்கூடாதா என்று வேண்டினேன். (வேண்டும்போது வராது.) அத்தை செம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். படையல் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. ருசி சரியாக வந்ததா என்ற சந்தேகம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

"ரசத்துல உப்பு சரியா இருக்கா மாப்ள?"

"கொஞ்சம் கம்மி அத்த" என்றேன். (இந்த வாயை என்ன செய்ய!)

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசமா அவரும் இதத்தான் சொன்னாரு" என்றவர், பெண்களைக் கூப்பிட்டு, இலையிலேயே சோற்றைப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டையாகக் கையில் கொடுத்தார். கடைசி உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

இப்போது உலு திராமில் மகன் வீட்டில் இருக்கிறோம். வருஷம் தவறாமல் மாமனாருக்குப் படையல் உண்டு. எனக்குப் பல் போய்விட்டது, சன்னலில் ஏறும் முழங்காலும் போய்விட்டது. ஆனாலும் கதவைச் சாத்தும் முன் செல்லம்மா மகனிடம் சொல்வது மட்டும் மாறவில்லை.

"மொதல்ல உங்கப்பாவ வெளிய கூப்புடுய்யா. அப்புறமா எங்கப்பாவ உள்ள கூப்புடுவோம்."