முட்டி வலிக்கு ஒரு ஞானி

அன்பர்களே, மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை இப்போது புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது: வலி ஞானிகள். எட்டு வாரம் வலியைச் சமாளிக்கும் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, ஒன்பதாம் வாரம் ஊருக்கே வகுப்பெடுக்கிறவர்கள். பூங்காவில், லிஃப்டில், கல்யாணப் பந்தியில் யாராவது "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று முனகிவிட்டால் போதும். இலையில் சாம்பார் ஆறினாலும் சரியென்று, "வலி இடுப்புல இல்ல, மூளையில" என்று தொடங்கிவிடுவார்கள். தப்ப முடியுமா? முடியாது.

ராஜா அண்ணாமலைபுரம் நெடுஞ்செழியன் இந்த இனத்தின் அசல் மாதிரி. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருட இடுப்பு வலிக்காரர். வகுப்பெடுத்த பிசியோதெரபிஸ்ட் ஷாகிரா தெளிவாகத்தான் சொன்னார்: "வலி நிஜம்தான் சார். ஆனா அது மூளை அடிக்கிற அலாரம். ஸ்கேனைப் பார்த்துப் பயப்படாதீங்க. மூச்சைக் கவனிங்க. வேலையை நிறுத்தி நிறுத்திச் செய்யுங்க." இவர் காதில் ஏறியது மூளையும் மூச்சும் நிறுத்தலும்தான். அதுவும் அடுத்தவர் வலிக்கு மட்டும். தம்முடைய ஸ்கேன் படத்தை இன்றைக்கும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் பூட்டித்தான் வைத்திருக்கிறார்.

அவர் வீட்டில் வேலை செய்பவள் முனியம்மாள். ஆற்றங்கரைக் குடிசையை இடித்து ஊர்க்கோடிக்கு அனுப்பிய நாளிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். குத்துக்காலிட்டுத் தரையைத் துணியால் துடைத்துத் துடைத்து முட்டி வீங்கிவிட்டது. இப்படியே போனால் வேலையை விடவேண்டியதுதான். விட்டால் அடுப்பு எப்படி எரியும்?

"சார், குச்சி வெச்ச மாப்பு ஒண்ணு வாங்கிக் குடு சார். முட்டி உயிர் போவுது."

"மாப் போட்டா மூலை சுத்தமாகாதும்மா. வலி முட்டியில இல்ல, மூளையில."

"மூளைல கீதுன்னா அத்த வெச்சே தொடச்சிடலாமே சார். முட்டிய இன்னாத்துக்கு மடக்கணும்?"

ஞானிக்குக் கேலி உறைக்குமா? அரை மணி நேரம் உபதேசம் நடந்தது. வலி ஏறுமுன் நிறுத்து, கண்ணை மூடு, கவனி.

மறுநாள் பதினோரு மணிக்கு வகுப்பு நண்பர்கள் வருவதாக ஏற்பாடு. பத்தரைக்குப் பாதி ஹால் துடைத்திருந்தது. மீதியில் முனியம்மாள் சுவரில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"நீதான சார் சொன்ன? கவனிச்சிக்கினு கீறேன்."

நெடுஞ்செழியன் தாமே துணியை எடுத்துக் குனிந்தார். மூன்றாவது டைல்ஸ் தாண்டவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஐயோ, என் டிஸ்க்! ஸ்கேனை எடு!"

முனியம்மாள் அந்த வீங்கிய முட்டியையே ஊன்றி அவரைத் தூக்கி நிறுத்தினாள். "பயப்படாத சார், மூளைதான். மூச்ச வுடு."

"என்னோடது நிஜ வலிம்மா!"

இரண்டு நாளில் ஒரு பார்சல் வந்தது. மாப்புதான் என்று முனியம்மாள் ஆசையாகப் பிரித்தாள். உள்ளே சாருக்கு இடுப்பு பெல்ட்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டுத் தரையை யார், எப்படித் துடைக்கிறார்கள்? "அது சரி, மாப் போட்டால் மூலை சுத்தமாகாதே" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதா? கண்ணை மூடுங்கள். அந்தக் குரலைக் கொஞ்சம் கவனியுங்கள்.