அறுபது வருடமாகத் துப்பிய காவல்

குச்சவெளியில் இருக்கும் அன்புத் தம்பி பாஹிமுக்கு, திருகோணமலையிலிருந்து உன் மூத்தவன், நானா ஸஹாப்தீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம், என் வாயைத் தவிர. இதை வாசித்து முடிக்கும் வரை தயவுசெய்து துப்பாதே.

நோன்பு இருபதில் என் நாக்கில் வெள்ளை படர்ந்தது. சுரண்டினால் எரிந்தது. புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி, வாயை மூடிக்கொண்டேன். கதைக்கவில்லை, கஞ்சி குடிக்கவில்லை, பெருநாளன்று இனிப்பு வட்டிலப்பத்தையும் தொடாமல் எழும்பினேன். உன் மதினி நுஸ்ரத் அழத் தொடங்கிவிட்டாள். "நாப்பத்தாறு வருசம் சமைச்சுப் போட்டன், இப்ப என்ட கை கசக்குதா?" வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து காட்டினேன். மறுநாளே டொக்டர் கௌசிகாவிடம் இழுத்துப் போனாள்.

டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்பிடாதீங்கோ ஐயா, புற்றுநோய் இல்லை. இது பங்கசு. பழைய பாண் துண்டில பிடிக்கிற பூஞ்சணத்துக்குச் சொந்தம்."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுக் கதிரையிலேயே அசந்துபோனேன். நம் எச்சிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத புரதங்கள் இருக்கின்றனவாம். பங்கசு தலைதூக்கினால் அடித்துப்போடுவதுதான் அவற்றின் வேலையாம். சம்பளம் இல்லை, லீவு இல்லை. சுப்ஹானல்லாஹ்! துறைமுக வாசலில் நாற்பது வருடம் காவல் நின்ற எனக்கு, என் வாய்க்குள் காவல் நிற்பது தெரியாமல் போய்விட்டதே! வயது போகப் போக அந்தப் புரதங்கள் குறையுமாம். கட்டுப்பல்லைக் கழற்றாமலே படுத்ததும் பிழையாம். எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியும் என்று, நோன்புக் காலத்தில் பகல் முழுக்கத் துப்புவேன் என்றேன். டொக்டர் திகைத்துவிட்டார்.

"ஐயா, வயசுக்கு அது தானாவே குறையுது. மிஞ்சினதையும் துப்பினா வாய் காயாதா?"

நேரே பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டேன். "வாயில ஊறுற எச்சில முழுங்கினா நோன்பு முறியாது நானா" என்றார். பத்து வயதில் யாரோ சொன்னதை நம்பி, அறுபது வருடம் முற்றத்தில் துப்பியிருக்கிறேன்.

என்னோடு நின்றதா? உன்னையும் பழக்கினேன். நீயோ சீனி வருத்தக்காரன்; இந்தப் பங்கசு உங்களைப் போன்றவர்களைத்தான் லேசில் பிடிக்குமாம். துளி மருந்தில் என் வெள்ளை கரைந்துவிட்டது, ஆனால் உன்னை நினைத்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன் வாய்க்கு ஏதும் வந்தால் குற்றம் என்னுடையது. இனி எந்த நோன்பிலும் ஒரு சொட்டும் துப்பாதே. நானாவை மன்னித்துக்கொள்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தையும், வயதான வாய்க்கு வேண்டிய எச்சிலையும் குறைவில்லாமல் தருவானாக.

இப்படிக்கு,
நானா ஸஹாப்தீன்

பி.கு.: கடிதத்தை வாசித்த நுஸ்ரத் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஒங்கட தம்பி இத மௌலவிக்கிட்டக் கேட்டு முப்பது வருசமாச்சு. நானாட மனம் நோகும் எண்டு ஒங்கட முன்னால மட்டும்தான் துப்புறவர்." பாஹிம், உண்மையா? ஒவ்வொரு நோன்புக்கும் பஸ் ஏறி வந்து, என் பக்கத்தில் நின்று, எனக்காகத் துப்பினாயா? வெள்ளிக்கிழமை வா. உன்னை ஏசவும் வேண்டும், கட்டிப்பிடிக்கவும் வேண்டும்.