ஹொக்கைடோ கீறல்

"பூஜையில வெச்ச பொருள நாளைக்குக் காலை வரைக்கும் தொடக்கூடாதுங்க!" என்று மனைவி சாமுண்டீஸ்வரி அடுப்படியிலிருந்து கத்தி முடிப்பதற்குள் ரமணன் தொட்டுவிட்டார்.

தொடாமல் என்ன செய்வார்? சுவரில் சாய்த்திருந்த ஏழு பழைய ஸ்னோபோர்டு பனிச்சறுக்குப் பலகைகளுக்கும் ஆயுத பூஜையென்று சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள் மகராசி. அவற்றில் சுங்கை ரோடு பழைய சந்தையில் வாங்கிய மரப்பலகை அவருக்கு உயிர். நான்கு மணிக்கு அதைப் பார்க்கத்தான் நூர்தீன் பாய் பொங்கோலில் இருக்கும் இவர் வீட்டுக்கு வருகிறார். பழைய பலகை சேர்ப்பவர்கள் குழுவில் அவர் சொல்வதே தீர்ப்பு.

"ரைஸ் குக்கருக்கே வெச்சேன். இதுக்கு மட்டும் வெக்கலன்னா எப்படி லா?"

இன்னொரு வினையும் இருந்தது. பலகையின் அடியில் ஓடும் நீளக் கீறல், பனி கொட்டும் ஹொக்கைடோ மலையில் தாம் சறுக்கியபோது பாறை உரசி விழுந்தது என்று குழுவில் எழுதிவைத்திருந்தார். பாலம் கடந்தால் வரும் ஜோகூர் பாருவைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. ஆனாலும் மத்தியானம் கண்ணை மூடினால் இந்தப் பலகை அவரைத் தூக்கிக்கொண்டு போகும். வெள்ளை வெளேரென்று ஒரு மலை, சத்தமே இருக்காது. அது பொய்யென்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் தம்மால் அங்கே போகவே முடியாது என்பதுதான் அவர் பயம்.

ஈரத்துணியால் துடைத்தார். குங்குமம் கரைந்து பலகை முழுக்கச் சிவந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். சிவப்பு போய், மரத்துக்குள்ளிருந்து மீன் வாடை கிளம்பியது. பதறிப்போய் ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தினார். இப்போது வாடையும் போகவில்லை, எதிரில் நிற்பவர் முகமும் தெரியவில்லை.

"பூஜை நாளும் அதுவுமா வீட்டுல மீனா?" சாமுண்டீஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அழைப்புமணி அடித்தது.

நூர்தீனோடு அவர் மனைவி ஷமீமாவும் வந்திருந்தார். நூர்தீன் இருமிக்கொண்டே பலகையைத் திருப்பினார். கீறலை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனார். கண் கலங்கியிருந்தது. புகையாக இருக்கும் என்று ரமணன் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

"ஒரு வாடை வருதே..."

"ஹொக்கைடோ கடல் காத்து, பாய். மரம் விடாம புடிச்சு வெச்சிருக்கு!"

நூர்தீன் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். "எப்படி இருந்துச்சு அங்க? மெதுவா சொல்லுங்க."

ரமணன் சொன்னார். சொல்லச் சொல்லப் பயம் விட்டுப்போயிற்று. விடிகாலை மலை, தேங்காய்ப்பூவாய் உதிரும் பனி, கால் தரையில் படாத அந்த இறக்கம். சந்தோஷமாக இருந்தது. நூர்தீன் கண்ணை மூடியிருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் பாறை வந்துச்சு பாய். சர்ருனு ஒரு கீறல்!"

ஷமீமா குனிந்து ரமணன் காதருகே சொன்னார்:

"அண்ணே, அது என் கத்தி பட்ட கீறல், சுங்கை ரோட்டுல தள்ளிவிடறதுக்கு முன்னாடி பத்து வருஷம் இதுமேலதான் மீன் வெட்டினேன். ஆனா நிப்பாட்டிடாதீங்க, இவரும் பனிய இப்பத்தான் பாக்கறாரு."