அறுநூறு டிகிரி காத்த படலம்

ரைஸ்மில்லில் பதினெட்டு ஆண்டு நெல் அவித்து நெருப்பின் குணமறிந்த வித்தகர், இடுக்கி ஏந்திய தடக்கையர், மன்னார்குடிக் கல்லூரியொன்றின் வேதியியல் ஆய்வக உதவியாளர் வைரக்கண்ணு வாழ்க. அவர் மின்உலை காத்த மூன்று மணி நேரப் பெரும்போரைக் கேளுங்கள்.

உலைக்குள் வீற்றிருந்தது கந்தக அமிலத்தில் ஊறிய வெள்ளைத் தூள். நேராக நீண்டு கிடக்கும் பெட்ரோல் மூலக்கூறுகளைக் கிளைவிட்டு வளையவைக்கும் வல்லமை அதற்குண்டு என்று காட்டுவதே ஆராய்ச்சி மாணவி அம்ருதாவின் நான்காண்டுத் தவம். ஐந்நூறு டிகிரியில் நிறுத்தினால் அமிலம் தூளைச் சரியாகப் பற்றாது. எழுநூறு தாண்டினால் புகையாய்ப் பறந்துவிடும். அறுநூறிலேயே மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டு முறை கரண்டு போய்ப் பாழானது. கையிருப்பில் இதுவே கடைசிப் பிடித் தூள். நாளைக் காலை சோதனைக்குப் போகாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். "பார்த்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போயிருந்தாள்.

அப்போது, ஐப்பசி வெள்ளம் கரையுடைத்தாற்போல் கெட்டிலும் கையுமாகப் புகுந்தார் ஸ்டோர் கீப்பர் கல்யாணம். அந்தப் பழைய வயரிங்கில் உலையும் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் மாடியே இருண்டுவிடும்.

"ஒரு வாய் காபிக்கு வழியில்லையா வைரக்கண்ணு?"

"அறுநூறு இறங்குனா அந்தப் பொண்ணோட நாலு வருஷமும் இறங்கிடும் சார். என்னைத் தாண்டித்தான் நீங்க ப்ளக்கைச் சொருகணும்."

முகப்பில் தோற்ற கல்யாணம், எக்ஸ்டென்ஷன் வயரென்னும் நாகபாசத்தை ஜன்னல் வழியே ஏவினார். வரப்பில் நண்டு பிடித்த வேகத்தில் அதைப் பற்றிச் சுருட்டி, அதன்மேலேயே மலையென அமர்ந்தார் நம் தலைவர். கால் மரத்தது, வயிறு முழங்கியது, உலையின் வெப்பமானி முள் மட்டும் அறுநூறிலிருந்து அசையவில்லை. நேரம் முடிந்தது. உலையணைத்து, அனல் கக்கும் கிண்ணத்தை இடுக்கியால் கவர்ந்து, அவிந்த நெல்லை உடனே களத்தில் கொட்டாவிட்டால் கெட்டுவிடும் என்ற அனுபவ ஞானத்தால், தூளைத் தட்டில் பரப்பி, மழைக்காற்று வீசும் ஜன்னலோரம் வைத்து வெற்றிப் புன்னகை பூத்தார். "இப்ப போட்டுக்குங்க சார்" என்று கல்யாணத்துக்கும் அபயமளித்தார்.

வகுப்பு முடிந்து வந்த அம்ருதா தட்டைப் பார்த்தாள்.

"வெளியில எடுத்துட்டீங்களாண்ணே? உள்ளயே ஆறணும். இந்நேரம் ஈரத்தைக் குடிச்சிருக்கும்."

வைரக்கண்ணு தட்டை ஜன்னலோரத்திலிருந்து வெடுக்கென எடுத்தார்.

"செத்துடல. மறுபடி சூடு காட்டினா ஈரம் போயிடும். இன்னும் மூணு மணி நேரம் ஆகும்."

வைரக்கண்ணு போய்க் கெட்டிலின் ப்ளக்கைப் பிடுங்கினார்.