முந்நூறு கிலோ

இனிமேல் வெள்ளிக்கிழமை எனக்கே எனக்கு என்று ஒருநாள் முடிவு செய்தேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. முடிவெடுக்கும் தைரியம் வேறு, அதைச் சொல்லும் தைரியம் வேறு.

பர் துபாயில் குடும்பத்தோடு வீடு எடுத்தவனுக்கு லீவு நாள் கிடையாது. அது தொழிலாளர் கேம்பில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வைரவன் தலைமையில் ஐந்து பேர் வந்துவிடுவார்கள். எல்லாரும் எங்கள் கம்பெனி சைட்டில் வேலை செய்பவர்கள், சிவகங்கைப் பக்கம். என் மனைவி ஜெயபாரதிக்கும் அதே பக்கம்தான். அவள் அவர்களுக்கு அக்கா, ஆகவே நான் அத்தான். அத்தானுக்கு என்ன வேலை? ஐவரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, என் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டு எழும்வரை பால்கனியில் நிற்பது. வந்தவனை வாசலோடு அனுப்பும் வழக்கம் நம்மவர்களிடம் இல்லை. அதனால் நாமே வாசலைத் தாண்டி ஓடிவிட்டால் என்ன என்று தோன்றியது.

அந்தச் சமயம் பார்த்து, ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் தன் மரக்கூண்டை என் தலையில் கட்டினார். என் பிக்கப் வண்டியின் பின்னால் தூக்கி வைத்துக்கொண்டு போகலாம். உள்ளே ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல், இரண்டே இரண்டு படுக்கை. அந்த 'இரண்டே'யில்தான் நான் விழுந்தேன்.

கூண்டை வண்டியோடு எதைக்கொண்டு கட்டுவது? தேராவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த முகம்மது யூசுப் பாய் மூன்று வழி காட்டினார். படகுக் கயிறு, லாரிப் பட்டை, அப்புறம் சங்கிலியும் அதை நடுவில் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளும். சங்கிலிதான் சரி என்று அரை நிமிஷத்தில் சொல்லியும் விட்டார். நான் டிராஃப்ட்ஸ்மேன். அரை நிமிஷத்தில் ஒப்புக்கொண்டால் என் உத்தியோகத்துக்கு என்ன மரியாதை? அட்டவணை போட்டேன், படம் வரைந்தேன். மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று. மூன்றிலும் ஐவரும் வந்து, என் படத்தின் மேல் சாம்பார்ச் சட்டியை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"நம்ம வைரவன் சைட்ல கிரேனுக்குப் பாரம் கட்டுறவன்தானே. அவனைக் கட்டித் தரச் சொல்லுங்களேன்" என்றாள் ஜெயபாரதி.

யாரிடமிருந்து ஓடுகிறேனோ அவனிடமே உதவி கேட்பதா? "வேண்டாம். உனக்கு ஓய்வு கொடுக்கத்தான் இந்த ஏற்பாடே. நாம ரெண்டு பேர் மட்டும் ஜெபல் அலி கடற்கரைக்குப் போறோம்."

"எனக்கா ஓய்வு?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

கடைசியில் சங்கிலிதான். அடுத்த வியாழக்கிழமை மதியம் சைட்டில் வைத்து நான்கு மூலையிலும் மாட்டி, கை சிவக்கத் திருகினேன். ஆபீசுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். வீடு வருவதற்குள் கூண்டு ஆடிய ஆட்டத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஜெயபாரதி கீழே இறங்கி வந்து கூண்டைத் தட்டிப் பார்த்தாள். "காலிக் கூண்டு ஆடத்தானே செய்யும். உள்ள பாரம் வேணும்ல?"

இது என் அட்டவணையில் இல்லாத யோசனை. உடனே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். முந்நூறு கிலோ. மணல் மூட்டை ஏற்றலாம் என்றேன்.

"மூட்டையை யாரு ஏத்தி இறக்குறது? பாரத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன். எவ்வளவுன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். டிராஃப்ட்ஸ்மேன் புத்தி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை இறங்கி வந்தால், கூண்டுக்குள் வைரவனும் மற்ற நால்வரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரியாணி அண்டா.

"ஆளுக்கு அறுபது கிலோ. அஞ்சு அறுபது முந்நூறு" என்றாள் ஜெயபாரதி. நான் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கையில் இருந்தது.

என் கணக்கை நானே மறுக்க முடியுமா? ஓட்டினேன். கூண்டு துளிகூட ஆடவில்லை. ஜெபல் அலி மணலில் ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கடல் காற்றும் பிரியாணியும் சேர்ந்ததில் எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாரம் ஏற்றியது நல்ல யோசனைதான் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வைரவன் வெள்ளை மனசுக்காரன். கையை நக்கிக்கொண்டே தைரியம் சொன்னான். "திரும்பும்போதும் ஆடாது அத்தான், பயப்படாம ஓட்டுங்க. நேத்து அக்கா சொல்லி நான் தளர்த்திவிட்ட நாலு டர்ன்பக்கிளையும் காலையிலயே நல்லா இறுக்கிட்டேன்."

ஜெயபாரதி என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.