அலையடிக்காத மெத்தை

அன்புள்ள மச்சான் கிளேட்டனுக்கு,

மொடெஸ்டோவிலிருந்து உன் அக்காள் கணவன் டெல்பர்ட் எழுதிக்கொள்வது. நானும் வெர்னாவும் பூனையும் சௌக்கியம். நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? பஞ்சுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிப் படுக்கும் எங்கள் பழைய தண்ணீர் மெத்தையை உனக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காரணம் உன் அக்காதான். நான் கொஞ்சம் கனத்த உடம்புக்காரன் என்பது உனக்குத் தெரியும். நான் ஒருமுறை புரண்டால் போதும், மெத்தையில் எழும் அலை அவளைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கும். போன மாதம் அவள் சாய்ந்தபடி நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது நான் புரண்டுவிட்டேன். அவள் மூக்கும் பூனையின் காதும் சிவந்துவிட்டன. "புருஷன் வேணுமா, தூக்கம் வேணுமான்னு யோசிச்சேன். தூக்கம்தான்" என்று தலையணையோடு சோபாவுக்குப் போனவள் திரும்பவில்லை. கல்யாணமானதிலிருந்து தனியாகப் படுத்தறியாத எனக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்தது தெரியுமா? எப்படியாவது அவளைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று மெத்தைக் கடைக்கு அழைத்துப்போனேன்.

"ஷூவக் கழட்டிட்டுப் படுத்துப் பாருங்க சார். இதுல அலையே வராது, உள்ள பஞ்சு அடுக்கு இருக்கு. காளைமாடே விழுந்தாலும் பக்கத்துல இருக்குறவங்களுக்குத் தெரியாது" என்றார் விற்பனையாளர். "மாட்டுக்கு எங்க போறது, இவர வெச்சே பாத்துடலாம்" என்றாள் உன் அக்கா. ஒவ்வொரு மெத்தையாக விழுந்து காட்டிய களைப்பில் கடைசி மெத்தையில் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தால் சுற்றிலும் கூட்டம். "இவரு குறட்டையே சொல்லுதே, இதையே எடுத்துக்கலாம்" என்கிறாள் ஒரு அம்மாள். என்னை எழுப்ப வேண்டாமென்று விற்பனையாளர் வெர்னாவிடம் கெஞ்சினாராம்.

அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஹோஸ் பைப்பை ஜன்னல் வழியே இழுத்துப் புது மெத்தைக்குத் தண்ணீர் விட்டேன். பக்கத்து வீட்டுக்காரரோடு பீச் பழ விளைச்சல் பற்றிப் பேசப் போனது தப்பாகிவிட்டது. திரும்பினால் மெத்தை கூரையைத் தொடப் பார்க்கிறது. பாதித் தண்ணீரை வெளியேற்றி, துடைப்பக் கட்டையால் காற்றுக் குமிழ்களை உருட்டித் தள்ளி, அக்கடா என்று படுத்தால் ஐஸ்! மெத்தைத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரைச் செருகவே மறந்திருக்கிறேன். எப்படியோ சூடேறியது. வெர்னா தலையணையோடு வந்தாள். நான் பயந்து பயந்து புரண்டேன். அவள் அசையவேயில்லை. எனக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

பழைய மெத்தையைச் சுருட்டி கார் ஷெட்டில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை டிரக்கோடு வா. வெர்னா கொத்துக்கறி மீட்லோஃப் செய்வாள். உன் முதுகு நேராகவும் உன் தூக்கம் ஆழமாகவும் கர்த்தர் அருள்வாராக.

இப்படிக்கு,
மனநிறைவோடு,
டெல்பர்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வெர்னா மறுபடி சோபாவுக்குப் போய்விட்டாள். "அலைதான் இல்லையே, இன்னும் என்ன?" என்றேன். "அதான் கஷ்டமே. நீ வந்து படுத்தியா, டிவி முன்னாலயே கெடக்குறியான்னு தெரியல. முன்னெல்லாம் ஒரு தூக்கு தூக்கிப் போடும். தடியன் வந்துட்டான்னு நிம்மதியாத் தூங்கிடுவேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். சனிக்கிழமை அவசியம் வா. ஆனால் நீ எடுத்துப் போகப்போவது புதிய மெத்தையை. பழையது இப்போது பாதி நிரம்பிவிட்டது. ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது உன் அக்கா. என்னை நம்பவில்லை.