மாட்டுங்காவில் ஒரு குளம் மாமா

பம்பாயில் தண்ணீருக்காகச் சண்டை போட்டவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். தண்ணீருக்காக ஒரு மூன்று மாடிக் கட்டடத்தையே கிணறாக மாற்றியவர் எங்கள் குளம் மாமா ஒருவர்தான்.

அறுபதுகளில் மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் நாலு பிரம்மச்சாரி குமாஸ்தாக்கள் குடியிருந்தோம். மாமாவும் மாமியும் எங்களுக்கு நேர் மேலே. மூன்றாம் மாடிக் குழாயில் காற்று மட்டும்தான் வரும். மாமி தினமும் காம்பவுண்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி ஏறுவாள். ஒருநாள் படியில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை விழுந்தால் நடமாட்டமே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார்.

அன்று மாமா படிக்கட்டில் நின்று கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "இனிமே இவ ஒரு வாளி தூக்கினா, என் பேரை மாத்திக் கூப்பிடுங்கோ!"

அந்த வாரமே அவர் ஆபீஸ் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். துரையின் குழந்தைகள் நீந்தி விளையாடிய தொட்டி ஏலத்துக்கு வந்தது. இரும்புக் குழாய்களில் நீலக் கான்வாஸை இழுத்துக் கட்டிய, இடுப்பளவு உயரமுள்ள வட்டத் தொட்டி. மாமா அதை டாக்ஸியின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் நிறுத்தினார். சபதம் ஜெயிக்கிறதா என்று பார்க்க எங்களுக்குப் பொறுமை இல்லை. பேரைக் குளம் மாமா என்று உடனே மாற்றிவிட்டோம்.

"வெள்ளைக்காரக் குழந்தைகள் கால் அலம்பின தொட்டின்னா அது! அந்தத் தண்ணியிலயா ஸ்வாமிக்கு நைவேத்யம் பண்றது?" என்றாள் முதல் மாடி மாமி. மாமா சளைக்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்த காசிச் சொம்பின் மூடியை உடைத்துக் கங்கையையே அதில் கொட்டினார். பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு ராட்டினத்தைக் கட்டி, கயிற்றில் வாளியை விட்டு, கீழே குழாயடியில் அதை நிரப்பிவிட ஒரு பையனை வைத்து, பாலக்காட்டுக் கிணற்றில் இறைக்கிற மாதிரி காம்பவுண்டிலிருந்து தண்ணீர் இறைக்க ஆரம்பித்தார்.

காலையில் நாங்கள் காப்பி குடிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே வாளி மேலே போகும், கீழே போகும். ஒருநாள் கொடியில் கிடந்த என் ஆபீஸ் சட்டையும் கூடவே போயிற்று.

"ஓய், உங்க சட்டை குளத்துல விழுந்துடுத்து. மேல வந்து வாங்கிண்டு போங்கோ!"

தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி மாமியின் சமையலறைக்குள் போயிற்று. முதல் நாள் அதில் தண்ணீர் கொட்டியதும் மாமி சிரித்த சிரிப்பு எங்கள் அறைக்குக் கேட்டது.

அத்துடன் விட்டிருக்கலாம். மாமா தொட்டிக்கு ஒரு பலகை எழுதி மாட்டினார். 'இது குளிக்கும் குளம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியதில் இடம் தீர்ந்துபோய், 'அல்ல' என்பதை அடுத்த வரியில் பொடியாகச் சேர்த்தார். கீழ்வீட்டு ரமணி பம்பாயிலேயே பிறந்து காலேஜ் படிக்கிற பிள்ளை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவனுடைய தமிழ் முதல் வரியோடு தீர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோப்பும் துண்டுமாகத் தொட்டிக்குள் இறங்கிவிட்டான்.

"கடங்காரா! எழுதி வெச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"எழுதி வெச்சிருக்கேளேன்னுதான் மாமா குளிச்சேன்!"

சோப்புத் தண்ணீரை வெளியேற்ற மாமா அடைப்பைப் பிடுங்கினார். மாடியில் தண்ணீர் போகும் வழி அடைத்திருந்தது. வெள்ளம் படிக்கட்டு வழியாக இறங்கியது. அதே வேளையில் கட்டடச் சொந்தக்காரர் சேட் ஏறி வந்துகொண்டிருந்தார். வெள்ளமும் அவரும் இரண்டாம் மாடியில் சந்தித்தார்கள்.

"மேரே பில்டிங் மே தாலாப்?" தன் கட்டடத்தில் குளமா என்று அலறினார் சேட்.

"தாலாப் நஹி சேட்ஜி! ஸ்விம்மிங் நஹி, ஒன்லி ஸ்டோரிங்!" என்றார் மாமா.

மாடி இடிந்து விழும் என்று சொல்லி, சேட் அன்றே தொட்டியைப் பிரிக்க வைத்தார். மாமி வாசலில் நின்று, "ஏறி வரத்துக்கு அவ்வளவு பிகு பண்ணின தண்ணி, இறங்கறதுக்கு என்ன அவசரம் பாருங்கோ!" என்றாள். மாமா சிரிக்கவில்லை.

அவ்வளவுதான், மாமி மறுபடி வாளி தூக்கப்போகிறாள் என்று நினைத்தோம். மறுநாள் காலை காம்பவுண்டுக் குழாயடியில், பெண்கள் வரிசையின் நடுவே மாமா நின்றார். கழுத்தில் ஆபீஸ் டை, இடுப்பில் மடித்துக் கட்டிய வேஷ்டி, இரண்டு கையிலும் வாளி. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "சிரிச்சுண்டே நகருங்கோ, எனக்கு ஆபீஸுக்கு நாழியாறது" என்றார்.

நான் அந்தக் கட்டடத்தில் இருந்தவரை மாமி ஒரு வாளிகூடத் தூக்கவில்லை. நியாயப்படி அவர் பேரை நாங்கள் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மனசு வரவில்லை. பழைய பேரில் அவர் யாரோ ஒரு மாமா; குளம் மாமாதான் எங்களவர்.